ஆறு மாதம், ஒரு ‘டொக்’

வண்டிச் சத்தத்துக்குத் தமிழில் தனியாகப் பெயர் தேட வேண்டியதில்லை. எப்படிக் கேட்கிறதோ அதுவே பெயர். ‘கிரீச்’ என்றால் காய்ந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துப் பிடித்து விடுகின்றன. ‘நறநற’ என்றால் நடுவில் மண் இருக்கிறது. ‘கடகட’ என்றால் ஏதோ ஒன்று கழன்று தொங்குகிறது. ‘டொக்’ என்றால் எங்கோ ஓர் இடைவெளி. சுமை திசை மாறும்போது அது ஒரே அடியாக மூடிக்கொள்கிறது. இந்த நான்கையும் பிரித்துக் கேட்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதற்கு முன்னால் எல்லாமே ஒன்றுதான்: “அடியில ஏதோ சத்தம் வருது.” அந்த ஆறு மாதத்தில் நான் செய்த வேலைகளில் பாதி, வண்டியை இன்னும் கெடுத்தது. அவை எல்லாமே மூட்டுகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தவை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்னுடையது பழைய பிக்அப். முன்னால் காயில் ஸ்பிரிங்கும், இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாலிட் ஆக்சிலும், பின்னால் தகடு தகடாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். 3 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். உயர்த்தியவர்களுக்கு மீதிக் கதை தெரியும்: ஆக்சிலைச் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தோடு பிணைக்கும் கீழ் லிங்குகள் சரிந்து நிற்கும், ஸ்டியரிங் அச்சின் சாய்வான காஸ்டர் குறைந்து ஸ்டியரிங் அலையும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராட் அதையே ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்து வைக்கும். அதைச் சரிசெய்ய நீளம் கூட்டிக் குறைக்கும் லிங்குகள் தேவை. நான் வாங்கியவற்றில் இரண்டு முனையிலும் ராட் எண்ட், அதாவது கூட்டுக்குள் குண்டு சுழலும் இரும்பு மூட்டு. கீழ் லிங்குகளில் நான்கு, பேன்ஹார்டில் இரண்டு. பின் பட்டை முறுக்கிக்கொள்ளாமலிருக்க ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு டிராக்ஷன் பாரும் போட்டேன். அதன் முன் முனையில் ஒன்று. ஆக மொத்தம் ஏழு. முதல் மாதம் சொர்க்கம். ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், வண்டி திரும்பியது. மூட்டுக்குள் மெத்தை போல வைக்கும் ரப்பர் புஷ்ஷை எல்லாம் கண்டுபிடித்தவன் யாரப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

பாவம், அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ரப்பர் புஷ்ஷில் எதுவும் எதன் மீதும் உரசுவதில்லை. வெளிக் குழாயோடும் உள் குழாயோடும் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கிறது. லிங்க் அசையும்போது ரப்பர் தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு, பிறகு திரும்பி வருகிறது. உரசல் இல்லாததால் கிரீஸ் வேண்டாம், உறை வேண்டாம், மண் புக இடமும் இல்லை. சாலையின் அதிர்வில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். பாலியூரிதேன் புஷ் அப்படியில்லை. அது உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் மீது வழுக்க வேண்டும், ஆகவே அதற்கு கிரீஸ் வேண்டும்; நேராகச் சுழல்வதைத் தாங்கும், கோணலாக வளைப்பதைத் தாங்காது. ராட் எண்ட் இன்னொரு கோடி. ஒரு கூட்டுக்குள் ஓர் இரும்புக் குண்டு, எந்தப் பக்கமும் சாயும், ஆனால் விழுங்குவது எதையும் விழுங்காது. விமானங்களின் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும் பந்தய வண்டிகளிலும் ஓடும் சரக்கு அது. பிரிட்டனில் ரோஸ் ஜாயிண்ட், அமெரிக்காவில் ஹெய்ம் ஜாயிண்ட் என்பார்கள். இரண்டுமே செய்த கம்பெனிகளின் பெயர். பந்தய வண்டியில் அதை ஓடிய மணிக்கணக்கு வைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நான் ஆயுளுக்கும் ஓட்டப்போகும் நினைப்பில் மாட்டியிருந்தேன்.

மூடி வைத்தேன்

முதலில் வந்தது கிரீச். பின்பக்கம், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் இருந்த பாலியூரிதேன் (பாலி) புஷ். காலையில் அமைதி, வெயில் ஏறினால் கிரீச். வயலின் வில் கம்பியை இழுப்பது போலத்தான்: பரப்பு ஒட்டிக்கொள்கிறது, இழுவிசை கூடியதும் சட்டென்று வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும்போது காதில் கிரீச். கையில் கிடைத்த துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் முன்னைவிடப் பெரிதாக வந்தது, ஏனென்றால் உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் அந்த ஸ்ப்ரே கழுவிக்கொண்டு போயிருந்தது. அப்புறம் முறையாக புஷ்ஷைக் கழற்றி, குழாயைத் துடைத்து, பாலிக்கென்றே வரும் பிசுபிசுப்பான சிலிக்கோன் கிரீஸைப் பூசி மாட்டினேன். சத்தம் போயே போய்விட்டது. அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. சத்தம் என்றாலே வறட்சி, வறட்சிக்கு மருந்து கிரீஸ் என்று மூளையில் பதிந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ராட் எண்டுகளைக் ‘காப்பாற்ற’க் கிளம்பினேன். குண்டு திறந்து கிடக்கிறது, சேறு படுகிறது, பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. பழைய டியூபை வெட்டி உறை தைத்தேன். தைத்தேன் என்றால் உண்மையாகவே ஊசியும் நைலான் நூலும் வைத்து. உள்ளே கிரீஸை அப்பி, இரண்டு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்கினேன். ஆரம்பகாலக் கார்களில் பட்டைக்குத் தோல் உறை போட்டு உள்ளே கிரீஸ் அடைப்பார்களாம். அதைப் படித்துவிட்டு நானும் அந்தப் பரம்பரை என்று ஒரு பெருமிதம் வேறு. டியூப் ஐந்துக்குத்தான் போதுமாக இருந்தது. கீழ் லிங்குகளின் நான்கு முனைக்கும் டிராக்ஷன் பாருக்கும் போட்டேன். பேன்ஹார்டின் இரண்டும் அம்மணமாகவே நின்றன. உறை போட்ட அன்று வண்டி பஞ்சு போல ஓடியது. கெட்டியான கிரீஸ் சின்னச் சின்ன இடைவெளிகளை நிரப்பிச் சத்தத்தை அமுக்கும் என்பது உண்மை. ஒரு மாதம் அமுக்கியது.

பிறகு நறநற. ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பும்போது கால் பலகை வழியாகவே அது தெரிந்தது. இடது கீழ் லிங்கின் டையை அறுத்து உறையை உரித்தபோது உள்ளே கிரீஸ் இல்லை; சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு இருந்தது. விரலில் தேய்த்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி சொரசொரப்பு. அதோடு தண்ணீரும். நுழைந்த தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. குண்டின் மேல் கோடு கோடாகக் கீறல், ஓரத்தில் துரு. கையால் ஆட்டினால் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. பேன்ஹார்டுக்குப் போய்ப் பார்த்தேன். உறை இல்லாத அந்த இரண்டு குண்டுகளும் கண்ணாடி போல மின்னின. நியாயமாகச் சொன்னால் இது சரியான ஒப்பீடு இல்லை. பேன்ஹார்ட் உயரத்தில் இருக்கிறது, கீழ் லிங்க் அளவுக்குச் சேறு வாங்குவதில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலுக்கு அந்த நியாயம் எட்டவில்லை.

விஷயம் இதுதான்: என் ராட் எண்டுகள் டெஃப்லான் உள்ளுறை உள்ளவை. கூட்டுக்கும் குண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு துளி தடிமனுக்கு ஒரு நெய்த படலம். அசைய அசைய அதிலிருந்து டெஃப்லான் கொஞ்சம் குண்டின் மேல் ஒட்டி, தனக்குத் தானே வழுக்கலை உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு கிரீஸ் தேவையில்லை என்பதோடு, கிரீஸ் வைத்தால் அந்தப் படலம் ஒட்டுவது கெடும், மண் வந்து கிரீஸில் தங்கும், தங்கிய மண் உள்ளுறையை அரைக்கும். உள்ளுறை தேய்ந்தால் பெரும்பாலான ராட் எண்டுகளில் அதை மாற்ற முடியாது, முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்போடு இரும்பு உரசும் ரகம் வேறு. அதற்கு எண்ணெய்ப் பசை கட்டாயம். ஜானி ஜாயிண்ட் போல, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் வைத்துப் பிரித்துச் சேர்க்கிற ரகமும் வேறு. அதில் புது கிரீஸ் பழையதையும் அழுக்கையும் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வாங்கும்போது எந்த ரகம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஊசியும் நூலும் மிச்சம்.

அதற்காக உறையே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஸ்டியரிங்கின் பால் ஜாயிண்ட் உறைக்குள்தானே ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்கிறது. ஆனால் அது அந்த மூட்டின் வடிவத்துக்கே வார்த்த உறை, கழுத்தில் கச்சிதமாக உட்காரும். அதிலும் கிரீஸ் கன்னை ஆசை தீர அமுக்கினால் உறை கிழிந்து, அன்றிலிருந்தே மூட்டின் கணக்கு ஆரம்பமாகிவிடும். ராட் எண்டின் அளவுக்கென்று, குண்டின் இரு பக்கமும் ஒட்டி உட்காரும் ரப்பர் சீல்களும் கிடைக்கின்றன. அப்போது மாற்றிய நான்கிலும் அவற்றைத்தான் போட்டேன். முழுசாக அடைக்க முடிந்தால் அடைக்கலாம். முடியாவிட்டால் திறந்தே விட்டு, நனைந்தது காய வழி விடுவது மேல். பாதி அடைத்தது தொட்டி. சேற்றில் ஓடி வந்தால் இப்போது ஹோஸ் தண்ணீரில் மெதுவாகக் கழுவிக் காற்றில் உலர விடுகிறேன். பிரஷர் வாஷரின் முனையை மூட்டுக்கு நேராகக் காட்டுவதில்லை, மண்ணை சீலுக்குள் குத்தி ஏற்றுவதற்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

வெள்ளைக் கோடு

நான்கு புது ராட் எண்ட் போட்டாயிற்று. நறநற போயிற்று. அப்போதுதான், அதற்குப் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்த டொக் தனியாகக் கேட்டது. மெதுவாகத் திரும்பும்போது ஒன்று, பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது ஒன்று. கேட்டால் சரியாக என் இருக்கைக்குக் கீழே இருந்து வருவது போலிருக்கும். சேஸிஸ் ஒரு நீள இரும்பு, முன்னால் தட்டினால் நடுவில் கேட்கும். இது தெரிந்திருந்தும் இருக்கைக்குக் கீழேயே தேடினேன். ஷாக் அப்சர்பர் புஷ்ஷை மாற்றினேன். ஸ்டெபிலைசர் லிங்கை மாற்றினேன். கேபின் மவுண்ட் ரப்பரைப் பார்த்தேன். லிங்கின் நீளத்தைப் பூட்டி வைக்கும் லாக் நட் ஒன்று தளர்ந்திருந்தது, இதுதான் என்று துள்ளினேன். இறுக்கியபோது இரண்டு முனைக் கூடுகளையும் ஒரே சாய்வில் பிடித்துக்கொள்ள மறந்து, லிங்க் ஒரு பக்கம் உருளவே இடமில்லாமல் முட்டியது, மறுபடி அவிழ்த்து இறுக்கினேன். டொக் அப்படியே இருந்தது. பேன்ஹார்டை மட்டும் நான் தொடவே இல்லை. அதன் குண்டுகள்தான் கண்ணாடி போல மின்னினவே.

வெல்டிங் வேலை தெரிந்த ஒரு அண்ணன் இருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. “எஞ்சினைப் போடு. நின்ன இடத்துலயே ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு, ரொம்ப வேண்டாம், கால் சுத்து போதும்” என்றார். டயர் தரையில் நிற்க, நான் ஆட்ட, அவர் வீல் ஆர்ச் வழியாகக் கையை விட்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டிருந்தார். நான் தனியாளாக இத்தனை மாதம் செய்ய முடியாத சோதனை இது. ஸ்டியரிங்கில் இருப்பவனுக்கு மூட்டு தெரியாது, மூட்டைப் பார்ப்பவனுக்கு ஸ்டியரிங் எட்டாது. “நிறுத்து” என்றார். பேன்ஹார்டின் சேஸிஸ் பக்க முனை.

“இங்க கையில அடிக்குது தம்பி.”

“அண்ணே, அந்த ராட் எண்ட் புதுசு மாதிரி இருக்கு. பாத்தீங்கன்னா தெரியும்.”

“ராட் எண்ட் நல்லாத்தான் இருக்கு. நான் அதைச் சொன்னேனா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரை எடுத்தார். போல்ட் தலையிலிருந்து வாஷர் வழியாக, ராடைத் தாங்கும் பிராக்கெட் வரைக்கும் ஒரே கோடு இழுத்தார். நட்டின் பக்கமும் ஒன்று. பிறகு லிங்குகளின் போல்ட், லாக் நட், ஷாக் அடிமுனை என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும். திருநீறு பூசியது போல நின்றது வண்டி. “நாளைக்குப் பூரா ஓட்டு. சாயங்காலம் எந்தக் கோடு உடைஞ்சிருக்குன்னு பாரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு ஏமாற்றம். ஆறு மாதச் சத்தத்துக்கு ஒரு கோடா?

மறுநாள் மாலை டார்ச்சோடு படுத்தேன். எல்லாக் கோடும் முழுசு. பேன்ஹார்டின் சேஸிஸ் போல்ட்டில் மட்டும் வாஷர் மேலிருந்த கோடும் பிராக்கெட் மேலிருந்த கோடும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. விலகல் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். ஆறு மாதமாக என்னைத் தூங்க விடாமல் செய்த பொருளின் அளவு அது. படுத்தபடியே கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போது நினைவில்லை, முழங்கையில் சரளைக்கல் குத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

போல்ட்டை உருவியபோது மிச்சமும் தெரிந்தது. 14 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை, பிராக்கெட் ஓட்டைக்குள் அப்படியே அச்சு விழுந்திருந்தது. ஓட்டை இப்போது வட்டம் இல்லை, முட்டை. நான் போட்ட போல்ட் முழுக்க மரை வெட்டியது. பிராக்கெட்டுக்குள் மரையில்லாத வழவழப்பான தண்டு உட்கார வேண்டும் என்பது அப்போது தெரியாது. ஆனால் போல்ட் தளர்ந்ததற்கே காரணம் வேறு. பிராக்கெட்டின் உள்பக்கத்தில் நானே அடித்த பெயிண்ட். துரு பிடிக்கக் கூடாதென்று, மூன்று கோட், தடிமனாக. குண்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வரும் ஸ்பேசர் உட்காரும் இடத்தில் அது நசுங்கி, ஓரத்தில் பிதுங்கி, வட்டமாக உரிந்திருந்தது.

போல்ட் ஏதோ ஆணி போல நடுவில் நின்று லிங்கைத் தாங்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் வேலை இறுக்கிப் பிடிப்பது. இறுக்கும்போது போல்ட் ஒரு மயிரிழை நீள்கிறது. அந்த இழுவிசையில் பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் ஸ்பேசரையும் குண்டையும் கவ்விக்கொள்கின்றன. பக்கவாட்டுச் சுமையை எடுத்துக்கொள்வது அந்தக் கவ்வலில் வரும் உராய்வு. நடுவில் மெத்தென்று பெயிண்ட் இருந்தால் நாள்போக்கில் அது நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் நீட்சி குறையும், கவ்வல் போகும். அப்புறம் போல்ட் உண்மையாகவே ஆணியாகிவிடும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டையின் சுவரில் மரையால் அரத்தைப் போல ராவும். உறை, கிரீஸ், பெயிண்ட். மூன்றையும் போட்டவன் நான்தான். சத்தம் போடாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது நான் உறை போடாமல் விட்ட குண்டு ஒன்றுதான்.

அண்ணன் தடித்த இரும்புத் தகட்டில் சரியான அளவு ஓட்டை போட்டு, முட்டை ஓட்டையின் மேல் இரு பக்கமும் வைத்து வெல்டிங் செய்தார். பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னதைத் தவிர அன்று முழுக்க அவர் பேசியது பத்து வார்த்தை இருக்காது. தண்டு நீளம் சரியான புது போல்ட். உட்காரும் பரப்புகளில் வெறும் இரும்பு, சுற்றிலும் வேண்டுமானால் பெயிண்ட். இறுக்கம், அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில். கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். டொக் இல்லை.

எதைச் சகிப்பது

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தில் என் கட்சி மாறிவிட்டது. சாலையில் ஓடும் வண்டிக்கு, லிங்கின் இரு முனையிலும் ராட் எண்ட் என்பது வீறாப்பு. ஆக்சில் பக்கம் ராட் எண்ட், சேஸிஸ் பக்கம் நல்ல ரப்பர் புஷ் என்று கீழ் லிங்குகளை மாற்றிக்கொண்டேன். ஆக்சில் கோணலாகச் சாயத் தேவையான சுதந்திரம் ஒரு முனையில் கிடைக்கிறது. கேபினுக்குள் ஏறும் முழக்கம் மறு முனையில் நிற்கிறது. ஸ்டியரிங்கின் கூர்மை ஒரு இழை குறைந்தது உண்மை. வண்டியைப் பாறை மேல் ஏற்றுபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு வேறு. பேன்ஹார்டில் மட்டும் இரண்டு முனையும் இரும்பாகவே விட்டுவிட்டேன், அங்கே ரப்பரின் நெளிவு நேராக ஸ்டியரிங்கில் தெரியும்.

ரப்பர் புஷ்ஷை மாட்டும்போது இந்த முறை ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். முன்பு வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவேன். அப்படி இறுக்கினால் உள் குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும், சீக்கிரம் கிழியும். இந்த முறை போல்ட்டுகளைக் கையால் மாட்டி, வண்டியை நான்கு சக்கரத்திலும் இறக்கி, இரண்டு தடவை முன்னும் பின்னும் உருட்டி, அடியில் படுத்து இறுக்கினேன். உயர்த்திய வண்டியில் அடியில் படுக்க இடம் இருக்கிறது என்பது உயர்த்தியதால் வந்த லாபங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

வெள்ளை மார்க்கர் இப்போது என் டாஷ்போர்டில் கிடக்கிறது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கோடுகளை ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன். போன வாரத்திலிருந்து புதிதாக ஒன்று, ரிவர்ஸ் கியர் போட்டு கிளட்சை விடும்போது பின்னாலிருந்து சின்னதாக ஒரு ‘டிக்’. முன்னே போகும் விசை பின்னே திரும்பும் தருணம். அப்படியானால் டிராக்ஷன் பார் பக்கம்தான் இருக்க வேண்டும். நேற்று படுத்துப் பார்த்தேன். ஆக்சில் பக்கக் கோடுகள் முழுசாக இருக்கின்றன. முன் முனையில் கோடே இல்லை. சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலே, கை சரியாக எட்டாத இடம் என்று அன்றைக்கு அண்ணனும் விட்டுவிட்டார், நானும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். அதன் மேல் மட்டும் நான் தைத்த உறை இன்னும் அப்படியே இருக்கிறது, டை கூட அறவில்லை. பிளேடை எடுத்து வைத்திருக்கிறேன்.